உப்புநீர்த் தொட்டியின் மணல் ஏன் நிறம் மாறுகிறது

முதல் வருடம் பச்சை. இரண்டாம் வருடம் சிவப்பு. கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கும் மூன்றடித் தொட்டியின் மணல் இரண்டு வருடத்தில் இப்படி இரண்டு நிறம் காட்டியது. மணல் அதே மணல், மீன்கள் அதே மீன்கள், விளக்கையும் நான் மாற்றவில்லை.

சிவப்பு வந்த நாட்களில் ஒரு காலை நன்றாக நினைவிருக்கிறது. உறிஞ்சு குழாயின் வாயை மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்தேன். ஆறிய பாலின் ஆடை போல அந்தப் படலம் ஒரு மூலையில் கிளம்பி, மடிந்து, முழுத் துண்டாகவே குழாய்க்குள் போனது. அதன் மேல் குண்டூசித் தலை அளவில் காற்றுக் குமிழ்கள் ஒட்டியிருந்தன. அடியில் மணல் பளிச்சென்று வெள்ளை. மூன்றாம் நாள் அதே இடத்தில், ஏறத்தாழ அதே வடிவில், திரும்பவும் சிவப்பு.

மணலில் பாசி கண்டதும் எல்லோரும் கேட்பது "என்ன போட்டால் போகும்?" என்பதைத்தான். கடைக்குப் போனால் அதற்குப் பதிலாக ஒரு போத்தல் கிடைக்கும். ஆனால் மணலின் மேல் எது படர்கிறது என்பது, தொட்டிக்குள் என்ன வருகிறது, எது மிஞ்சுகிறது, எது தீர்ந்துபோகிறது என்ற கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் படலத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் வருடம் முழுக்க எடுத்துக்கொண்டேயிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கணக்கைப் பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் பெரும்பாலும் கிணற்றடிதான்.

அதற்கு முன்னால், படர்ந்திருப்பது என்னவென்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் பாசி என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அவற்றில் சில பாசியே இல்லை.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பனங்கட்டியைச் சீவித் தூவியது போல மணல் மேல் ஒரு மண்ணிறம் வரும். அது டயற்றம். கண்ணாடி போன்ற சிலிக்காக் கூட்டுக்குள் வாழும் ஒற்றைக் கல உயிர். தண்ணீரிலுள்ள சிலிக்கா தீர்ந்தால் தானாகவே போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாதக் கணக்கில் போகாமல் நின்றால், சிலிக்கா எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது என்று அர்த்தம்.

கருஞ்சிவப்பாக, வழுவழுப்பாக, துணி விரித்தது போலப் படர்வது சயனோபக்ரீரியா. பெயரிலேயே பக்ரீரியா இருக்கிறது. பூமியின் காற்றில் முதன்முதலில் ஒட்சிசனை நிரப்பிய கூட்டம் இதுதான், அது நடந்து 200 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. இதன் இனங்களில் சிலவற்றுக்கு ஒரு வல்லமை உண்டு: தண்ணீரில் கரைந்துள்ள நைதரசன் வாயுவையே எடுத்து உணவாக்கிக்கொள்ளும். பாசிக்கு உரமாகும் நைதரசன் உப்பான நைத்திரேற்று இல்லாத தொட்டியில் பாசிகள் பட்டினி கிடக்கும்போது இது செழிப்பது அதனால்தான்.

மூன்றாவதுதான் பொல்லாதது. டைனோபிளாஜலேற், சுருக்கமாக டைனோ. மண்ணிறச் சளி போல நூல் நூலாகத் தொங்கும், நுனியில் குமிழ் இருக்கும். இரவில் குறைந்து, விளக்குப் போட்டுச் சில மணி நேரத்தில் திரும்பவும் தடிக்கும். இதன் சில இனங்கள் நஞ்சுள்ளவை. மேயப் போன நத்தைகள் கவிழ்ந்து கிடப்பதை வைத்தே பலர் இதை அடையாளம் காண்கிறார்கள்.

டயற்றமா டைனோவா என்ற சந்தேகத்தை வீட்டிலேயே தீர்க்கலாம். படலத்தில் கொஞ்சத்தைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து, மூடிப் பலமாகக் குலுக்குங்கள். கோப்பி வடிக்கும் தாளிலோ, நாலாய் மடித்த பழைய வேட்டித் துணியிலோ வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். டைனோ என்றால் அந்தத் தெளிந்த தண்ணீருக்குள் மண்ணிறத் தும்புகள் திரும்பவும் ஒன்றுகூடிச் சளியாகத் திரளும். மற்றவை அப்படித் திரளுவதில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டி கிடைத்தால் இன்னும் நல்லது: 400 மடங்கில் டைனோக்கள் சுழன்று நீந்துவதையும், டயற்றங்கள் கண்ணாடி ஓடம் போல மெல்ல வழுக்கிப் போவதையும் நேரிலேயே பார்க்கலாம்.

சரி, இனிக் கிணற்றுக்கு வருவோம்.

உப்புநீர்த் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே இருக்கும். ஆகவே குறையும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் தொட்டியைக் குளிராக்க விசிறியும் போட்டால், என்னுடைய 150 லீற்றர்த் தொட்டியில் நாளொன்றுக்கு 3 லீற்றர் குறைகிறது. மாதத்துக்கு 90 லீற்றர். முதல் வருடம் அதை முழுக்க முழுக்கக் கிணற்றிலிருந்தே ஊற்றினேன். குடிக்கிற தண்ணீர்தானே, மீனுக்கு என்ன வரப்போகிறது என்ற எண்ணம்.

குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழை செம்மண்ணில் இறங்கி, அடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. உப்புநீரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கும் இந்த அமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் நிலாவரைக்குப் போனால் போதும்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. இந்தச் சுண்ணக்கல் மழையை வேகமாக உள்ளே விடுவது போலவே, தோட்டத்தில் போடும் யூரியாவையும், வீட்டு மலகூடக் குழியின் கசிவையும் வேகமாக உள்ளே விடுகிறது. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் தலைமுறைகளாக விளையும் வலிகாமத்துச் செம்மண் பகுதியில் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வுகளில் பல தடவை பதிவாகியிருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே இருக்கின்றன, குழந்தைகளின் உடம்பை அது பாதிக்கும் என்பது மீன்தொட்டியைவிடப் பெரிய கவலை.

ஆனால் தொட்டியின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். எல்லைக்குள் அடங்கிய, லீற்றருக்கு 40 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள கிணற்றுத் தண்ணீரில் 90 லீற்றர் ஊற்றினால் மாதத்துக்கு 3,600 மில்லிகிராம் உள்ளே போகிறது. 150 லீற்றரால் பிரித்தால், லீற்றருக்கு 24. மீனுக்கு ஒரு துளி தீன் போடாமலே மாதந்தோறும் இவ்வளவு ஏறும். ஆவியில் அது வெளியே போகாது, அடுத்த மாதம் அதன் மேல் இன்னொரு 24. வெப்பமண்டலத் திறந்த கடலின் மேற்பரப்பில் நைத்திரேற்று பெரும்பாலும் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. பவளம் வளர்ப்பவர்கள் வைத்திருக்க விரும்பும் அளவு ஏறத்தாழ 2 முதல் 10 வரை. கிணற்று நீரில் நிலத்திலிருந்து கரைந்த சிலிக்காவும் இருப்பதால் டயற்றத்துக்கும் சேர்த்தே பந்தி வைக்கிறோம். முதல் வருடத்துப் பச்சைக்கும், அதற்குள் போகாமல் நின்ற மண்ணிறத்துக்கும் காரணம் இதுதான். நைத்திரேற்றுப் பரிசோதனைக் குப்பியின் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தில் நின்றது.

கிணற்று நீரை நிறுத்தினேன். இப்போது யாழ்ப்பாணத்தில் தெருவுக்குத் தெரு ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்சவ்வு வழியாக அழுத்தி வடித்த தண்ணீர், கிடைக்கிறது, 20 லீற்றர்க் கானில் வீட்டுக்கே வரும். நைத்திரேற்றின் பெரும்பகுதியை அந்தச் சவ்வு தடுத்துவிடும். ஆனால் கானை நம்புவதைவிட, தண்ணீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் கரைதிண்ம மானியை நம்புங்கள். ஒரு கடையின் தண்ணீர் எனக்கு லீற்றருக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது. சவ்வு பழையதாகியிருக்கலாம், ருசிக்காகத் தாதுப்பு சேர்த்திருக்கலாம். தொட்டிக்கு அது 10க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த அளவு எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வழி மழை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொட்டுவதைப் பீப்பாயில் பிடித்து இருட்டில் மூடி வைத்தால் பல மாதத்துக்குப் போதும். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். செம்புத் தகடோ செம்புக் குழாயோ பட்டு வரும் தண்ணீர் வேண்டாம், நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு நஞ்சு.

கடல் தண்ணீரிலும் இதே கவனம் வேண்டும். செயற்கை உப்பு விலை ஏறிய பிறகு பலர் கடலில் அள்ளுகிறோம். குருநகரில் எனக்குத் தெரிந்த சம்மாட்டி (மீன்பிடிப் படகு முதலாளி) ஒருவர், நான் பண்ணைப் பாலத்தடியில் வாளியோடு நிற்பதைக் கண்டு சொன்னது: "உந்தப் பரவைக் கடல் தண்ணியை அள்ளாதை தம்பி. மாரியிலை அது நல்ல தண்ணி மாதிரி, கோடையிலை உப்பளம். ஊர் வாய்க்காலெல்லாம் உதுக்குள்ளைதானே வருது. தண்ணி வேணுமெண்டால் பருத்தித்துறைப் பக்கம் போ." அவர் சொன்னதைக் கடனீரேரியின் இயல்பே மெய்ப்பிக்கிறது: ஆழமில்லாத நீர், மழையில் உவர்ப்பு விழும், வரட்சியில் கடலைவிடக் கூடும். திறந்த கடல் நீரின் உப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம், உப்புமானியில் 1.025. அள்ளி வந்ததை இருட்டில் சில நாள் அடைய விட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுப்பது நல்லது.

பச்சை போனது. பிறகுதான் நான் அவசரப்பட்டேன். மிச்ச நைத்திரேற்றையும் இறக்க வினாகிரி விடத் தொடங்கினேன். இது பரவலாகச் செய்யும் முறைதான்: வினாகிரியிலுள்ள காபனை உண்டு பக்ரீரியா பெருகும்போது நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் ஒரே அளவில் இழுப்பதில்லை. அமெரிக்கக் கடலியலாளர் அல்பிரெட் ரெட்பீல்ட் 1934இல் எழுதத் தொடங்கி, பின்னர் அவர் பெயராலேயே நிலைத்த விகிதப்படி, கடல் நுண்ணுயிர்களின் உடலில் பொசுபரசு அணு ஒன்றுக்கு நைதரசன் அணு 16. எங்கள் பரிசோதனைக் குப்பியின் மொழியில், எடையளவில் பொசுபேற்று ஒன்றுக்கு நைத்திரேற்று பத்து மடங்கு. ஆகவே நைத்திரேற்று வேகமாகத் தீரும், பொசுபேற்று மிஞ்சும். என் தொட்டியில் நைத்திரேற்று பூச்சியம் ஆன பத்தாம் நாள் முதல் சிவப்புப் பொட்டு விழுந்தது. நைதரசனைத் தானே தேடிக்கொள்ளக்கூடிய கூட்டத்துக்கு மேசை விரித்துக் கொடுத்தது நான்தான்.

அந்தப் பொசுபேற்று எங்கே இருந்தது? இங்கேதான் மணல் வருகிறது. தண்ணீரை அளந்தபோது அது பெரிதாகக் காட்டவில்லை. ஆனால் பவள மணலும் சிப்பி மணலும் கல்சியம் காபனேற்று. அதன் மேற்பரப்பு பொசுபேற்றைப் பிடித்து வைக்கும். தண்ணீரில் குறைந்தால் திரும்ப விடும். ஒன்றரை வருடம் போட்ட தீனின் மிச்சம் மணலுக்குள் சேமிப்பாக இருந்தது. அதைவிட, மணலின் மேல் படரும் உயிர் தன் உணவை மணலோடு ஒட்டிய அந்த மில்லிமீற்றர் தடிப்புத் தண்ணீரிலிருந்தே எடுக்கிறது. நாங்கள் அளப்பது நடுத் தொட்டித் தண்ணீரை. "எல்லாம் பூச்சியம் காட்டுது, பிறகேன் பாசி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை: அளக்க மிஞ்சாமல் அது சாப்பிட்டுவிட்டது.

இரண்டையும் பூச்சியமாக்கினால் தீருமா என்றால், அங்கேதான் டைனோ காத்திருக்கிறது. பொசுபேற்று உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டுக் குருணியைக் கைநிறையப் போட்ட நண்பர் ஒருவரின் மணல் ஒரே மாதத்தில் சளி பிடித்தது. மற்ற எல்லா நுண்ணுயிரும் பட்டினியில் ஒதுங்கிய வெற்றிடத்தில் வருவது அது. அவர் அதைத் தீர்த்தது உணவைக் கூட்டித்தான்: நைத்திரேற்றை லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கும் பொசுபேற்றை 0.05க்கும் மேலே ஏற்றி நிறுத்தினார். ஒஸ்ட்ரியொப்சிஸ் போன்ற டைனோ இனங்கள் இரவில் தண்ணீரில் மிதப்பதால், தொட்டித் தண்ணீரை உள்ளே ஓடவிட்டு நுண்ணுயிரைக் கொல்லும் புற ஊதா விளக்குக்குள் அகப்படும். அம்பிடினியம் என்ற டைனோ மணலை விட்டு எழும்பாததால் அந்த விளக்கால் பயனில்லை. எது என்று தெரியாமல் விளக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

மணலைப் பற்றி இன்னும் இரண்டு சொல். கையிலுள்ள மணல் எந்த வகை என்று அறிய ஒரு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் காபனேற்று, சும்மா கிடந்தால் குருமணல், அதாவது குவார்ட்ஸ். கரையில் போய் மணலோ முருகைக்கல்லோ அள்ளி வர வேண்டாம்; 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது, குடாநாட்டின் கரை ஏற்கெனவே இழந்தது போதும். தடிப்பு 2 முதல் 4 சென்ரிமீற்றர் போதும். அதைவிட ஆழமான பழைய மணலை ஒரேயடியாகக் கிளறக் கூடாது. ஒட்சிசன் போகாத அடியில் கறுத்த படை இருக்கும், கூழ்முட்டை மணம் வரும். அந்த ஐதரசன் சல்பைட்டு மீனைக் கொல்லும்.

சயனோ முதலில் விழுவது தண்ணீர் ஓடாத மூலையில். என் தொட்டியில் அது எப்போதும் கல்லுக்குப் பின்னால், இடப்பக்கம். ஒரு சிறு பம்பை அங்கே திருப்பியதும் அந்தப் பகுதி மட்டும் பாதியாய்க் குறைந்தது. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். மீனைக் காக்கவே மின்கலக் காற்றுப் பம்போடு போராடினோம், மணலை யார் பார்த்தார்? ஓட்டம் நின்றால் கழிவு மணலில் படியும், மணலுக்குள் ஒட்சிசன் குறையும், பிடித்து வைத்த பொசுபேற்று வெளியே வரும்.

மணலை மேய உயிர்களை விடுவது எனக்கு மிகப் பிடித்த வேலை. மணலுக்குள் புதைந்து திரியும் ஊரிகள், சிறு சங்கினங்கள் எல்லாம் மேல் படையைப் புரட்டிக்கொண்டேயிருக்கும். கடலட்டையைப் பற்றி இங்கே கேட்காதவர் இல்லை; பூநகரியிலிருந்து தீவகம் வரை பண்ணைகள். வெள்ளை அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள நுண்பாசியையும் பக்ரீரியாவையும் செரித்து, சுத்த மணலாக வெளியே விடும். அதைச் சிறு தொட்டியில் விட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பண்ணையில் அதற்குத் தீன் போடுவதில்லை. பரந்த கடலடியின் மணலே அதன் தீன். மூன்றடித் தொட்டியின் மணலை அது சில வாரத்தில் தின்று தீர்த்துவிட்டு மெல்லச் சுருங்கும். ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் அதை விடுவது சரியென்று எனக்குப் படவில்லை.

மருந்து பற்றி என் நிலைப்பாடு உறுதியானது. எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் போட்டால் சிவப்புப் படலம் சில நாளில் போகும், உண்மை. ஆனால் மொத்தமாக அழுகும் படலம் ஒட்சிசனை இழுக்கும், அது பிடித்திருந்த உணவெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வரும், கணக்கு மாறாததால் படலமும் திரும்பும். அதைவிடப் பெரிய விடயம், அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவோம்? வளவில் ஊற்றினால் அதே சுண்ணக்கல் வழியாக அதே கிணற்றுக்கு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் குடிநீர் நிலத்தில் ஊற்ற யாருக்கும் உரிமையில்லை. மாற்றிய உப்புத் தண்ணீரைக்கூட நான் கிணற்றடியிலோ மரத்தடியிலோ ஊற்றுவதில்லை.

நான் செய்தது மெதுவான வேலை. வினாகிரியை நிறுத்தினேன். மீனுக்குத் தீனைக் கொஞ்சம் கூட்டி நைத்திரேற்றை 5 வரை வர விட்டேன். இரும்புக் குருணியை ஒரு மேசைக்கரண்டி மட்டும் போட்டு, பொசுபேற்றை வாரம் வாரமாக 0.05க்கு இறக்கினேன், மணல் விட விட அது திரும்ப ஏறும், திரும்ப இறக்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மணலில் மூன்றிலொரு பங்கை மட்டும் குழாயால் உறிஞ்சி, படலத்தை வாளிக்கு அனுப்பினேன். விளக்கை எட்டு மணித்தியாலமாகக் குறைத்தேன், காலை வெயில் விழும் யன்னலுக்கு ஒரு தடித்த திரை போட்டேன். ஐந்தாம் வாரம் வரை எந்த மாற்றமும் இல்லை. ஆறாம் வாரம் படலம் துணியாக வராமல் கிழிந்து கிழிந்து வந்தது. மூன்றாம் மாதம் குழாய்க்கு வேலையில்லை.

இன்றைக்கு மணல் முழு வெள்ளை இல்லை. முன் கண்ணாடியோரம் கையகலத்துக்கு ஒரு மெல்லிய பச்சை இருக்கிறது, இரவில் டோர்ச் அடித்தால் ஊரிகள் ஆறேழு அதில் மேய்ந்துகொண்டிருக்கும். அதை நான் எடுப்பதில்லை. பீப்பாயில் போன மாரித் தண்ணீர் அடியில் ஒரு சாண் மிச்சம், ஐப்பசிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.